எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று சொன்னவர்

“செவ்வாய். நல்ல வெயில், மேல்காற்று. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். காபியும் ரவா உருண்டையும் கொடுத்தோம். மரியாதையாகப் பேசினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.”

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. கல்யாணமாகி அன்னூர்ப் பக்கத்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் நாலு வரி எழுதுவது என் பழக்கம். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எழுதுவேன். நூலகத்திலிருந்து வரலாற்றுப் புத்தகங்களாக எடுத்துவந்து படித்ததில், தேதி போடாத எதையும் சட்டென்று நம்பாத குணம் வந்துவிட்டது. மேலே உள்ள குறிப்பில் கிழமை சரி, காற்று சரி, காபியும் சரி. கடைசி வரி மட்டும் தப்பு. எங்கள் காரியம் கெட்டதே அன்றைக்குத்தான்.

என் கணவருக்கு அந்தச் சித்திரையிலிருந்தே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. முதலில் மாட்டுக்குத் தீவனம் தூக்கும்போது மட்டும் வாங்கியது. பிறகு தோட்டத்துக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடியில் ஒரு முறை நிற்பார். பிறகு இரண்டு முறை. கேட்டால், “காத்து வாங்கறேன் அம்மணி” என்பார். வைகாசிக் கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினார். அதற்குமேல் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கோவைக்கு அழைத்துப் போய்விட்டேன்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “இது தாங்கிப் பிடிக்கத்தாங்க. ரொம்ப நாள் தள்ளாதீங்க” என்றார். ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் கணவரின் காலைப் பார்த்தார். பாதம் வீங்கியிருந்தது. அதுதான் பதில் என்று புரிந்தது.

காப்பீட்டுப் பிரிவு என்று பலகை மாட்டிய மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பெண், “அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்குங்களா அக்கா? அது இருந்தா இந்த ஆபரேஷன் அதுலயே வந்துரும். நீங்க வெசனப்பட வேண்டியதில்லை” என்றாள்.

இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டு அந்த அட்டைக்குப் பெயர் எழுதினார்கள். ஊரே போய் நின்றது. நானும் கிளம்பினேன். என் கணவர்தான் தடுத்தார். “அது இல்லாதவங்களுக்குங்க அம்மணி. நாம போய் வரிசையில நின்னா, நிக்க வேண்டியவங்க பின்னால போயிருவாங்க.” அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அப்போது கிணற்றில் தண்ணீர் இருந்தது.

அந்தக் கிணறு வற்றி இப்போது எத்தனையோ கோடை ஆகிவிட்டது. மானாவாரியில் சோளம் விதைத்தால் மாட்டுக்குத் தீவனமாகத் தட்டு கிடைக்கும், அவ்வளவுதான். மகளை வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்ததோடு நகையும் போயிற்று. நிலத்தை விற்கலாம் என்றால், அது வழக்கில் இருக்கிறது. வழக்கில் இருக்கும் நிலத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வழக்கு யாரோடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், எங்கள் பங்காளி. அவர் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஆழமாக போர் போட்ட அடுத்த கோடையில்தான் எங்கள் கிணறு வற்றியது. அவர் போரால்தான் வற்றியது என்று என் கணவர் சொன்னார். “கிணத்துல தண்ணி இருக்குது, வேணும்னே பொய் சொல்றான்” என்று பங்காளி ஊர்க் கூட்டத்தில் சொன்னார், நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை. கோயில் பொங்கலில்கூட அவர்கள் அடுப்பு கிழக்குப் பக்கம் என்றால் எங்கள் அடுப்பு மேற்குப் பக்கம்.

ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்த அட்டைதான். அரசு மருத்துவமனையிலும் போய்க் கேட்டோம். அங்கே எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அங்கேயும் அட்டை எண் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால், கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து விசாரித்து அறிக்கை தருவார்.

அவர் வந்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு ஒருவர் வந்தால் எங்கள் பக்கத்தில் எப்படி நடந்துகொள்வோம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் கடன் கேட்க வந்தாரா, கதவை ஜப்தி செய்ய வந்தாரா என்பதெல்லாம் பிறகு. முதலில் நாற்காலி, தண்ணீர், காபி. எங்கள் வீடு வேறு பார்வைக்குப் பெரியது. பருத்தி நன்றாக விளைந்த காலத்தில் மாமனார் கட்டியது. மொசைக் தரை, தேக்குக் கதவு. நான் காலையிலேயே வீட்டைக் கழுவித் துடைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். எங்கள் டம்ளர்களெல்லாம் நசுங்கியிருந்ததால், எதிர்வீட்டு அக்காவிடம் வெள்ளி டம்ளர் வாங்கிவந்தேன். வருமானம் இல்லை என்று விசாரிக்க வருகிறவருக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுப்பது எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. அதிகாரி வருகிறார், மரியாதை குறையக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அவர் நல்ல மனிதர். உடுமலைப்பேட்டைக்காரர், இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காபியைக் குடித்து, ரவா உருண்டையைப் பாராட்டி, கணவரின் கையைப் பிடித்து விசாரித்துவிட்டு வெளியே போனார். எதிர்வீட்டு வாசலில் நின்று அக்காவிடம் பேசினார். பால் சொசைட்டிக்கு முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் உட்கார்ந்து, நல்லபடியாக முடிந்தது என்று எழுதினேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கணவர் சுவரில் சாய்ந்தபடி, “என்ன அம்மணி, மகளா?” என்றார். “ஆமாங்க, சும்மாதான்” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

“நான் என்னங்க பண்றது அம்மணி?” என்றார். “உங்க ஊர்ல நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் சொல்லிவெச்ச மாதிரி சொல்றாங்க. பெரிய ஊடுங்க, அவங்களுக்கு என்னங்க கொறை, கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்த கையிங்கன்னு. எதிர்த்த ஊட்டு அம்மா ஒரு படி மேல. அவங்க ஊட்டு மாட்டுக்கே நாங்க சாப்புடற சோறுதானுங்கன்னு சொல்றாங்க. இதையெல்லாம் கேட்டுப்போட்டு, வருமானமில்லைன்னு நான் எப்படிங்க எழுதறது?”

“அவங்க மரியாதைக்குச் சொல்றாங்க சார்.”

“அது தெரியுதுங்க. ஆனா காபி வெள்ளி டம்ளர்ல வருதே?”

“அது எதிர்த்த ஊட்டு டம்ளருங்க.”

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மறுபடி விண்ணப்பம் போடச் சொன்னார், திரும்ப நேரில் வந்து விசாரிப்பதாகவும் சொன்னார். நான் படியிறங்கும்போது, “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க” என்றார். “இந்த ஊர்ல உங்களுக்கு ஆகாதவங்கன்னு ஒருத்தர்கூட இல்லீங்களா?”

“ஒருத்தர் இருக்காருங்க. ஆனா அவரு எங்க பேரையே எடுக்கறதில்லை.”

வழியெல்லாம் எனக்கு ஊர்மேல் கோபம். நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு அக்காவுடையது தறி ஓட்டும் குடும்பம். எனக்கு ஒரு தலைவலி என்றால் முதலில் ஓடிவருகிறவர். “ஏனுங்க அக்கா, இப்படிச் சொல்லிப்போட்டீங்க?” என்று கேட்டதும் அவர் திகைத்துப்போனார்.

“வேற எப்படிச் சொல்லோணும்? எவனோ வெளியூர்க்காரன் வண்டியில வந்து, அந்த ஊட்டுல வசதி எப்படின்னு கேக்கறான். ஒண்ணுமில்லைங்க, கஞ்சிக்குத் திண்டாடறாங்கன்னு என்ற வாயால சொல்லச் சொல்றியா? சொல்லிப்போட்டு நாளைக்கு உன்ற மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“சொன்னாத்தானுங்க அக்கா அவரைப் பொழைக்க வெக்க முடியும்.”

அக்கா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு அடுத்த முறை வி.ஏ.ஓ. வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்வதாக ஒத்துக்கொண்டார். எங்கே, எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: “சிரமப்படற குடும்பந்தானுங்க... ஆனா பாருங்க, தங்கமானவங்க, ஒரு நாளும் யாருகிட்டயும் கை நீட்டினதில்லைங்க, பத்துப் பேருக்குச் சோறு போட்ட...”

“அக்கா!”

“வாய் பழகலையே கண்ணு, நான் என்ன பண்றது?”

அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் கெட்டது நினைக்கிறவர் யாருமில்லை. எல்லோரும் நல்லவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து மரியாதையாலேயே எங்களைச் சுற்றி வேலி கட்டிவிட்டார்கள். அந்த வேலிக்குள் என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தது. காற்று பலமாக அடித்தது. முன்பெல்லாம் ஆடிக் காற்றில் நெஞ்சு கொள்ள மூச்சிழுக்கிறவர், இப்போது ஜன்னலைச் சாத்தச் சொன்னார். காற்று எதிரே வந்தால் மூச்சு திணறுகிறதாம். வீக்கம் பாதத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. நான் தினமும் காலையில் அதை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்து எழுதுவேன். மழையை எழுதிய கையால் அதை எழுதினேன். ஒரு நாள் அந்தப் பள்ளம் நிரம்பவே இல்லை. நான் எழுதுகோலை வைத்துவிட்டேன். அதன்பின் பல நாட்கள் எதுவும் எழுதவில்லை.

வி.ஏ.ஓ. இரண்டாவது முறை வந்தபோது நான் காபி போடவில்லை. நசுங்கிய டம்ளரில் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். வந்தவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நின்ற அந்தச் சில நிமிடம் எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படிங்க இருக்கீங்க?” என்று கேட்டார்.

என் கணவர் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “நல்லா இருக்கேனுங்க. ஒரு கொறையும் இல்லைங்க. நீங்க எப்படி இருக்கீங்க? ஊர்ல தண்ணி எப்படி?” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்து இழுத்து இதைச் சொன்னார்.

வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரிங்க, நான் அப்படியே வெளியில ரெண்டு பேரைக் கேட்டுக்கறேன்” என்று எழுந்தார்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் தயாராக நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கைகள் இரண்டையும் விரித்து அவர் காட்டிய சைகையைப் பார்த்ததும், பத்துப் பேருக்குச் சோறு போட்ட இடத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துவிட்டது. தேக்குக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

வி.ஏ.ஓ. வண்டியை எடுத்து எங்கள் தோட்டத்தை ஒட்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகத் திரும்பினார். வீட்டிலிருந்து பார்த்தால் அந்த வழி நன்றாகத் தெரியும். எங்கள் கிணறும் அந்தப் பக்கம்தான். அங்கே வரப்பின்மேல் பங்காளி நின்றுகொண்டிருந்தார். வி.ஏ.ஓ. வண்டியை நிறுத்தினார். அவராக நிறுத்தினாரா, இவர் கையைக் காட்டி நிறுத்தினாரா என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது வண்டி நின்றிருந்தது.

பங்காளிக்கு எப்போதுமே பெரிய குரல். அன்று அதைவிடப் பெரியதாக இருந்தது. காற்றும் இந்தப் பக்கமாக அடித்ததால் தெருவுக்கே கேட்டது.

“அங்க என்னத்தைங்க இருக்குது? ஒண்ணுமில்லைங்க! ஊடுதான் பெருசு, உள்ள காத்துதான் இருக்குது. பண்ணையம் போயே போச்சு. நாலு மாடு நின்ன கட்டுத்தறியில ஒண்ணு நிக்குது, அதும் கறவை வத்துனது. வாங்க, இங்க வந்து பாருங்க, இந்தக் கெணத்தை எட்டிப் பாருங்க. ஓணான் குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா? காஞ்சு கெடக்குதுங்க! இதுல எங்கிருந்துங்க வருமானம்? அவனுக்கு வாய்தான், நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு. ஒண்ணுமில்லாத பய!”

தெருவில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பால் சொசைட்டியில் கேனைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். எதிர்வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. இத்தனை வருடம் யாரும் சொல்லாத, நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொள்ளாத சொல்லை, எங்களுக்கு ஆகாதவர் ஊர் கேட்கக் கத்திவிட்டார். அதைத்தான் நான் வி.ஏ.ஓ. அலுவலகம் வரைக்கும் போய்த் தேடிக்கொண்டிருந்தேன் என்பதுகூட அந்த நேரத்தில் நினைவில்லை. அவமானம் மட்டும்தான் இருந்தது.

என் கணவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உள்ளே திரும்பினேன். கேட்டிருந்தது. ஆனால் நான் பயந்ததுபோல் அவர் தலைகுனிந்து உட்காரவில்லை. கண்களை அகல விரித்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெணறு காஞ்சு கெடக்குதுன்னு அவனே சொன்னானா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“வி.ஏ.ஓ. கிட்டயா? அவன் வாயாலயா?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் அவர் இத்தனை காலமாகச் சாதித்துவந்தார். அவர் வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. கிணறு வற்றிவிட்டது என்று அவரே ஒரு அரசாங்க அதிகாரியிடம், தெருவே சாட்சியாக, எட்டிப் பார்க்கச் சொல்லிக் காட்டிவிட்டார்.

வி.ஏ.ஓ. வண்டியை விட்டிறங்கிக் கிணற்றை எட்டிப் பார்ப்பது, சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்ததும் தெரிந்தது.

சான்று கிடைத்துவிட்டது என்ற செய்தி அடுத்த வாரம் வந்தது. வாடகைக் காரில் கணவரை ஏற்றிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். அட்டைக்குப் படம் எடுக்கும்போது, மூச்சு வாங்கிக்கொண்டே, “சிரிக்கலாமுங்களா?” என்று கேட்டார். “உங்க இஷ்டமுங்கய்யா” என்றார் அங்கிருந்தவர். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. பக்கத்தில் நான் அழுகையை அடக்கிக்கொண்டு விறைப்பாக இருக்கிறேன்.

அட்டை எண் கையில் வந்த பிறகும் பயம் விடவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, எழுதி அனுப்பி, அனுமதி வரவேண்டும். காப்பீட்டுப் பிரிவு மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் நானும் வெள்ளகோவிலிலிருந்து வந்த மகளும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறை அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிரும்போதும் நான் எழுந்துவிடுவேன். “இன்னும் வரலீங்க அக்கா, உக்காருங்க” என்பாள். மறுபடி யாராவது வந்து நம் வசதியைப் பற்றி விசாரிப்பார்களோ, மறுபடி யாராவது நம்மை உயர்த்திப் பேசிவிடுவார்களோ என்று கிலி பிடித்துக்கொண்டது. மகள் காபி வாங்கி வந்தாள். அதை வாங்கவே பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் கழிந்து அந்தப் பெண் நிமிர்ந்தபோது நான் எழவில்லை. எழத் தெம்பில்லை. அவளே எழுந்து வந்தாள். “வந்துருச்சுங்க அக்கா” என்று என் தோளைத் தொட்டாள்.

ஆவணியில் அறுவை சிகிச்சை நடந்தது. கதவுக்கு வெளியே நின்ற அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பிழைத்துவந்தார் என்று மட்டும் எழுதுகிறேன். புரட்டாசியில் வேப்பமரம் வரைக்கும் நிற்காமல் நடந்தார். அன்றுதான் மறுபடி குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

அதன்பின் எனக்கு ஒரே கேள்வி. பங்காளி அன்று அப்படிக் கத்தியது எதற்காக?

நான் சேகரித்தவரை இவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் அந்த வரப்புக்கு வருகிற வழக்கமில்லை. அது அவர் கோழிக்குத் தீவனம் போடும் நேரம். எங்கள் கட்டுத்தறியில் எத்தனை மாடு நிற்கிறது, அது கறக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பேச்சு அறுந்துபோன ஒருவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது அவர் காதுக்கு எட்டியிருக்கும் என்கிறார் எதிர்வீட்டு அக்கா. எப்படித் தெரியும் என்றால், “ஊருக்கே தெரியுமே கண்ணு” என்கிறார். இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், அவர் குரலில் இருந்தது பரிவு மாதிரி இல்லை. “ஒண்ணுமில்லாத பய” என்று சொன்னபோது சிரித்தார் என்று பால் சொசைட்டிக்காரர் சொல்கிறார். அன்று மாலை டீக்கடையிலும் அதைச் சொல்லிச் சிரித்தாராம். வி.ஏ.ஓ.வைக் கேட்கலாம் என்று போனால், அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டிருந்தது.

நேரில் போய்க் கேட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

“கேக்காத அம்மணி” என்றார். “பகையில சொன்னேன்னு சொன்னான்னா, நமக்கு மனசு விட்டுப்போகும். பாசத்துல சொன்னேன்னு சொன்னான்னா, நான் அவன் ஊட்டுப் படியேறோணும். ரெண்டுக்கும் இன்னும் எனக்குத் தெம்பு வரலை.”

ஆனால் அடுத்த வாய்தாவுக்கு அவர் வக்கீலிடம் போகவில்லை. பங்காளியும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. இப்போது இருவரும் காலையில் வரப்பின் இரண்டு பக்கமும் நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. தை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“இப்ப மூச்சு வாங்குதா?”

“இல்லைங்க.”

அவ்வளவுதான். என் கணவர் வீட்டுக்கு வந்து, அதை எழுதிவைக்கச் சொன்னார். எழுதினேன்.

போன மாதம் புதிய வி.ஏ.ஓ. எங்கள் வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு அக்கா தறிகளை விற்றுவிட்ட பிறகு அந்த அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார். “அவங்களுக்கு வசதி எப்படிங்கம்மா?” என்று கேட்டார். அக்கா எதிரே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமான குடும்பமுங்க என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, தறியெல்லாம் போச்சு, நெம்பக் கஷ்டப்படறாங்க” என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தச் சொல் மெதுவாக வர மறுத்தது. தொண்டையை உடைத்துக்கொண்டு, எனக்கே அந்நியமாக, உரக்க, கிட்டத்தட்டக் கோபமாக வந்தது. கூச்சத்தில் கடைசியில் ஒரு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அக்காவுக்கு அட்டை கிடைத்தது. ஆனாலும் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஒரு வாரமும் நான் வரப்பின்மேல் நின்ற அந்தக் குரலையும் அந்தச் சிரிப்பையும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆடி மாதப் பக்கத்தில் விட்டுப்போன குறிப்பை இப்போது எழுதியிருக்கிறேன்: “பங்காளி பேசினார். அதனால் இவர் பிழைத்தார்.” அவர் அன்று பேசியது பகையிலா பரிவிலா என்பது மட்டும் இந்த நாள்வரை உறுதியாகவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே விட்டுவிட்டு, அப்படியும் ஒருவருக்கு நன்றியோடு இருக்க முடியும் என்பதை அந்த இரண்டு வரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.